அத்தை பைக்கில் மலையேறிய புதன்கிழமை

அத்தையை என் பைக்கின் பின்சீட்டில் ஏற்ற நான்கு பேர் தேவைப்பட்டோம். வண்டியை நான் பிடித்துக்கொண்டேன். அத்தையை என் கொழுந்தன் பிடித்துக்கொண்டான். அத்தையின் அரக்குப் பட்டுப்புடவையைச் சின்ன மாமியார் பிடித்துக்கொண்டார். நான்காவது ஆளான என் கணவர் தன் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பச்சைமலை அடிவாரம், ஆவணி மாதக் காலை. வேனில் வந்த சொந்தக்காரர்கள் மொத்தமும் இறங்கி வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அத்தை என்றால் என் மாமியார். அறுபது தாண்டிய கனத்த சரீரம். அதுவரை எந்த இருசக்கர வண்டியிலும் ஒருபக்கமாகவே உட்கார்ந்து பழக்கம், அதுவும் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும். அன்று பட்டுப்புடவைக்கு அடியில் என் மழைக்கோட்டு பேண்ட்டை மாட்டிக்கொண்டு, ஆண்பிள்ளை மாதிரி இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தார். ஹெல்மெட்டுக்குள் கொண்டை நுழையவில்லை. கொண்டையை அவிழ்த்துப் பின்னலாக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "போம்மா" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, ஹெல்மெட்டுக்குள் சிரித்தால் யாருக்குத் தெரியப்போகிறது.

நாங்கள் அரியலூர்க்காரர்கள். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணவருக்குத் திருமானூரில் உரக்கடை. கொழுந்தன் ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீஷியன். மாமனார் இல்லாத வீட்டில் அத்தை வைத்ததுதான் சட்டம். அந்தச் சட்டத்தை நான் மீறிய ஒரே விஷயம் இந்த பைக். உயரமான வண்டி, இரண்டு பக்கமும் பெட்டி, முரட்டு டயர், எந்த ரோட்டையும் ரோடு இல்லாத இடத்தையும் ஏறிப் போகும் ஜாதி. அத்தை அதன் பெயரைக்கூடச் சொல்லமாட்டார். "அது இன்னிக்கு எங்க போயிட்டு வந்துச்சு?" என்றுதான் கேட்பார். அது போனால் நானும் கூடப் போயிருப்பேன் என்பதை அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் நான் வீட்டில் இருக்கமாட்டேன். முதலில் குவாரிக்குப் போகும் மண்ரோட்டில் பழகினேன். சுண்ணாம்புத் தூசியில் மாவு மில்லில் இருந்து வந்தவள் மாதிரி வீடு திரும்புவேன். பிறகு பெரம்பலூர் தாண்டி பச்சைமலையைக் கண்டுபிடித்தேன். மலை ஏறி முடித்தால் மேலே பரந்த வெளி. மரவள்ளிக் காடு, சாமைக் காடு, முந்திரி, புல்மேடு, அதற்கு நடுவே செம்மண்ணும் கிராவலுமாகத் தனியே ஓடும் பாதைகள். அந்தப் பாதைகளில் ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்றுகொண்டு ஓட்டவேண்டும். கைப்பிடியை இறுக்கினால் விழுவோம். பயந்து பிரேக் பிடித்தால் கட்டாயம் விழுவோம். வண்டி அடியில் ஆடட்டும் என்று விட்டுவிட்டு, போகவேண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அதுவாகப் போய்ச் சேரும். முதல்முறை பின்டயர் வழுக்கி, நான் விழாமல் தப்பித்தபோது, நடுக்காட்டில் தனியாக நின்று கைதட்டினேன். யாருக்கு என்று கேட்டால் எனக்கேதான்.

இப்படிப்பட்ட மருமகளைப் பற்றி ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் அல்லவா? அத்தைக்கு அது பெரிய குறை. அந்தக் குறையோடு இரண்டாவது குறையும் சேர்ந்தது. கொழுந்தனுக்கு வயது முப்பத்தைந்து ஆகியும் பெண் அமையவில்லை. பிறகு அமைந்தது, தானாகவே. பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபுக்கு ரத்தம் கொடுக்கப் போனவன், ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்தான். கண் விழித்தபோது முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த பெண்ணையே கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்துவிட்டான். அந்தப் பெண்ணும் சம்மதித்தாள். கரண்ட்டுக்குப் பயப்படாத ஆள் ஊசிக்குப் பயப்படுவது அவளுக்குப் பிடித்துப் போயிருக்கிறது.

பெண்ணின் ஊர் பச்சைமலைக்கு மேலே. சிக்கல் அவள் அப்பாவிடம் இருந்தது. அவருடைய மூத்த பெண்ணைக் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார். கல்யாணத்துக்கு முன்பு அடிவாரம் வரை வந்து மலை ரோட்டை அண்ணாந்து பார்த்த மூத்தவளின் மாமியார், "இந்த ரோட்டுல நானும் வரமாட்டேன், என் வூட்டு ஆளுங்களையும் அனுப்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டாராம். கல்யாணமே கீழே மண்டபத்தில் நடந்தது. அதன்பிறகு மூத்தவள் தாய்வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பேரப்பிள்ளைகளுக்கு அம்மாவின் ஊர் போட்டோவில்தான் தெரியும். அதனால் அந்த மனிதர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். மாப்பிள்ளையின் அம்மா மலையேறி வீட்டுக்கு வந்து பூ வைக்கவேண்டும். வராத சம்பந்தம் வேண்டாம்.

நியாயமான நிபந்தனைதானே? ஆனியில் வேன் பிடித்துக்கொண்டு கிளம்பினோம். அடிவாரத்தில் வேன் பஞ்சர் ஆனது. அந்த நேரம் பார்த்து யாரோ ஒற்றைத் தும்மல் போட்டார்கள். என் கணவருக்கு அது போதும். பல்லி, பூனை, தும்மல், எதிரே வரும் விறகுக்கட்டு, எல்லாவற்றுக்கும் அவரிடம் விளக்கம் இருக்கும். உரமூட்டையைக்கூட நல்லநேரம் பார்த்துத்தான் இறக்குவார். "சகுனம் சரியில்ல, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று வேனைத் திருப்பிவிட்டார். மேலே ஊருக்கே சமைத்து வைத்துக்கொண்டு பெண்ணின் அப்பா காத்திருந்தார். பிறகு ஆடி வந்தது. ஆடி முழுக்க எங்கள் வீட்டில் கொழுந்தன் நல்ல பசியிலும் பாதித் தட்டோடு எழுந்து போனான். ஆவணி பிறந்ததும் அங்கிருந்து கடைசி வார்த்தை வந்தது. இந்தப் புதன்கிழமை வந்தால் பேசலாம், வராவிட்டால் வேறு இடம் பார்க்கிறோம்.

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று கணவரே மனசைத் தேற்றிக்கொண்டார். எமகண்டம் முடிந்து மலையேற வேண்டும், பன்னிரண்டு மணி ராகுகாலத்துக்குள் பூ வைக்கவேண்டும் என்பது அவர் போட்ட கணக்கு. வேனில் சொந்தம் நிரம்பி வழிந்ததால் மாப்பிள்ளையே தன் பழைய பைக்கில் வரவேண்டியதாயிற்று. எனக்கு வேன் ஆகாது, வாந்தி வரும் என்று சொல்லி நானும் என் வண்டியில் வந்தேன். வாந்தி பொய். மலை ஆசை உண்மை.

அடிவாரத்துக்கு வந்து பார்த்தால் ரோடே இல்லை. புதுசாகப் போடுவதற்காகப் பழைய தாரைக் கொத்தி எடுத்துவிட்டு, வளைவுக்கு வளைவு கிராவலும் ஜல்லியும் கொட்டியிருந்தார்கள். வேன் டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, "என் வண்டி ஏறாதுங்க" என்று கையை விரித்தார். மேலே ஊரில் இருந்த ஒரே ஜீப் அன்று காலை ஒரு பிரசவத்துக்காக மலையின் மறுபக்கக் காட்டுப்பாதையில் இறங்கிப் போய்விட்டதாக ரோட்டு வேலைக்காரர்கள் சொன்னார்கள். எல்லோரும் என் கணவரின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் வானத்தைப் பார்த்தார். கொழுந்தன் பட்டுச்சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினான். அவ்வளவுதான், வீட்டுக்குப் போகத் தயாராகிவிட்டான் என்று புரிந்தது.

அத்தையும் அந்தப் பட்டனைப் பார்த்தார் போல. நேராக என்னிடம் வந்தார்.

"அது ஏறுமா?"

"எது அத்தை?"

"அதான்... அது."

"சும்மா பறந்துக்கிட்டு ஏறும் அத்தை."

"பறக்கவெல்லாம் வேணாம். ஏறுனா போதும்."

அப்படித்தான் அந்த நான்கு பேர் வேலை நடந்தது. டயர்களில் காற்றைக் கொஞ்சம் இறக்கினேன், அப்போதுதான் ஜல்லியில் பிடிப்பு இருக்கும். சீர் சாமான்களைப் பக்கப் பெட்டிகளில் அடுக்கினார்கள். தட்டு ஒற்றைப்படையில்தான் இருக்கவேண்டும் என்று கணவர் ஒன்பதாவது தட்டுக்கான சாமானையும் திணித்ததில் வலதுபக்கப் பெட்டியின் மூடியைச் சாத்த முடியவில்லை. வாழைப்பழச் சீப்பு வேறு தலையை நீட்டிக்கொண்டிருந்தது. கயிற்றால் கட்டினார். அவர் கட்டிய கட்டு என்று தெரிந்தும் நான் இழுத்துப் பார்க்கவில்லை. பெண்ணுக்கு வைக்கும் புடவை மட்டும் அவர் மடியில். அவர் தம்பியின் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டார். சொந்தங்கள் வேனோடு அடிவாரத்திலேயே தங்கிவிட, நான் முன்னே, அவர்கள் பின்னே என்று கிளம்பினோம்.

முதல் நூறு அடிக்கு அத்தை சிறுவாச்சூர் மதுரகாளியை மட்டும் கூப்பிட்டார். அதற்குப் பிறகு குலதெய்வம், எல்லைத் தெய்வம், செத்துப்போன மாமனார் எல்லோரையும் கூப்பிட ஆரம்பித்தார். என் இடுப்பை அவர் பிடித்த பிடியில் எனக்கு மூச்சு முட்டியது. முதல் கொண்டை ஊசி வளைவு வந்தது. வளைவு முழுக்க உருண்டைக் கிராவல். உள்ளே திருப்பினேன், பின்டயர் சர்ரென்று ஒரு முழம் வெளியே போய், மண்ணைப் பிடித்து, திரும்ப வந்து சேர்ந்துகொண்டது. அத்தை போட்ட சத்தத்தில் பள்ளத்தில் இருந்த மைனாக்கள் எல்லாம் எழுந்து பறந்தன.

அப்புறம் சத்தமே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"அத்தை, இருக்கீங்களா?"

"இருக்கேன். இப்ப என்ன பண்ணுன நீ?"

"நான் பண்ணல, வழுக்குச்சு."

"இன்னொரு தடவ வழுக்குமா?"

"வழுக்கும்."

என் இடுப்பில் இருந்த பிடியைக் கொஞ்சம் தளர்த்தினார். "சரி, வழுக்கட்டும்" என்றார்.

அடுத்த வளைவில் கத்தவில்லை. அதற்கடுத்த வளைவில் "ஹோய்" என்றார். கொஞ்ச நேரத்தில் வளைவு வருவதற்கு முன்பே என் தோளைத் தட்டி, "வருது, வருது" என்று அறிவிக்க ஆரம்பித்துவிட்டார். பின்னால் உட்கார்ந்தவர் ஒத்துழைக்காவிட்டால் கிராவலில் வண்டி ஓட்டுவது பெரும்பாடு. அத்தையோ நான் சாயும் பக்கம் தானும் சாய்ந்தார். யாரும் சொல்லித் தரவில்லை. அந்தக் கனத்த உடம்பு அச்சாணி மாதிரி வண்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டதில், தனியாக ஏறும்போது துள்ளும் பின்டயர் அன்று சமர்த்தாக ஏறியது. இதை நான் அவரிடம் சொன்னேன். "பின்ன? உன்ன மாதிரி ஈர்க்குச்சியா?" என்றார்.

நடுவில் ஒரு மலைக்காரர் எங்களை முந்திக்கொண்டு போனார். சாதாரணப் பழைய பைக், பின்னால் மரவள்ளி மூட்டை, மூட்டைமேல் ஒரு பெண்மணி, அவர் மடியில் ஒரு பலாப்பழம். கவசமும் பூட்ஸும் போட்டிருந்த என்னைப் பார்த்து அந்தப் பெண்மணி பாவப்பட்டு, "மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, நம்மள முந்திட்டாங்க. விடாத!" என்றார். இந்த வாயா இத்தனை வருஷம் என் வண்டியை 'அது' என்றது?

கண்ணாடியில் அவ்வப்போது பார்த்தேன். பின்னால் வெறும் தூசி. கொழுந்தன் மெதுவாக வருகிறான், வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

கடைசி வளைவு தாண்டியதும் மலை சட்டென்று சமமானது. இருபுறமும் மூடியிருந்த மரங்கள் விலகி, வானம் தலைக்குமேல் இருந்து காலடி வரை இறங்கிவிட்டது. மழை பெய்து ஓய்ந்த ஆவணிப் பச்சை. புல்மேட்டின் மேல் செம்பாதை நேராக ஓடியது. கீழே ரொம்ப தூரத்தில் பெரம்பலூர்ப் பக்கத்துச் சமவெளி, ஏரிகள் சில்லறை சிதறினாற்போல அங்கங்கே மின்னின. காற்று நெஞ்சில் வந்து மோதியது. எனக்கு அந்த இடத்தில் எப்போதும் கண் கலங்கும், சந்தோஷத்தில்தான். எழுந்து நின்று ஓட்ட ஆரம்பித்தேன். அத்தை என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு என் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தார். முதலில் இந்தப் பக்கம். பிறகு அந்தப் பக்கம்.

"ஏம்மா, இத்தன வருஷம் ஒருபக்கமா உட்கார்ந்து பாதி ஒலகத்ததான் பாத்துருக்கேன் போலருக்கே" என்றார்.

பிறகு சிரித்தார். அத்தை வாய்விட்டுச் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை. அவர் சிரிக்க நான் சிரிக்க, ஒரு பள்ளத்தில் வண்டி துள்ளி இரண்டு பேரும் ஒன்றாகக் குதித்து உட்கார்ந்தோம். அதற்கும் சிரித்தோம். எதற்காக மலையேறினோம் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோனது. ஊர் எல்லையில் மேளக்காரர்கள் நிற்பதைப் பார்த்ததும்தான் ஞாபகம் வந்தது.

ஊரே கூடியிருந்தது. செம்மண் பூசிய முகமும் அவிழ்ந்த பின்னலுமாக, புடவைக்கடியில் மழைக்கோட்டு பேண்ட் சரசரக்க இறங்கிய அத்தையைப் பார்த்து மேளம் ஒரு தடவை தடுமாறி, பிறகு சமாளித்து வாசித்தது. பெண்ணின் அப்பா முன்னால் வந்து கும்பிட்டார். உயரமான, ஒல்லியான மனிதர். வெள்ளை வேட்டியில் கஞ்சி மொடமொடவென்று இருந்தது. எங்களைத் தாண்டிப் பின்னால் பார்த்தார்.

"மாப்பிள்ள எங்கம்மா?"

"பின்னால வர்றாருங்க" என்று சொல்லிக்கொண்டே சீரை எடுக்க வலதுபக்கப் பெட்டிக்குப் போனேன். மூடி அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு எலுமிச்சம்பழமும் கொஞ்சம் செம்மண்ணும் இருந்தன. இடதுபக்கப் பெட்டியைத் திறந்தேன். அதில் வெற்றுத் தட்டுகள் மட்டும். பூ, பழம், தேங்காய், வெற்றிலை, சர்க்கரை எல்லாவற்றையும் கைக்கு எட்ட இருக்கட்டும் என்று வலதுபக்கம் வைத்திருந்தோம்.

கூட்டத்தில் ஒரு கிசுகிசு கிளம்பியது. பெண்ணின் அத்தைக்காரி ஒருவர், "வெறுங்கையாவா வந்துருக்காங்க?" என்று எங்கள் காதில் விழும்படியே கேட்டார். பூ வைக்க வந்தவர்களிடம் பூவும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. போன முறை வராமல் அவமானப்படுத்தினோம், இந்த முறை வந்து அவமானப்படுத்துகிறோம். பெண்ணின் அப்பா அந்த எலுமிச்சம்பழத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அத்தை முகத்துத் தூசியை முந்தானையால் துடைத்தார். மெதுவாகத் துடைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார்.

"வெறுங்கைதாங்க. போன தடவ தட்டு முழுக்கச் சீரு இருந்துச்சு, நான் வரல. இந்த தடவ சீரெல்லாம் வழியில உழுந்துருச்சு, நான் வந்துட்டேன். ரெண்டுல எது வேணும் உங்களுக்கு, சொல்லுங்க."

பெண்ணின் அப்பா அத்தையை ஏற இறங்கப் பார்த்தார். மழைக்கோட்டு பேண்ட்டின் ஒரு கால் புடவைக்கு வெளியே எட்டிப் பார்த்தது. அவருடைய மீசை ஒரு பக்கம் துடித்தது. "மொதல்ல மோரு குடிங்க" என்றார்.

மோர் குடித்துக்கொண்டிருக்கும்போதே சீர் வர ஆரம்பித்தது. ஆடு மேய்க்கும் ஒரு அக்கா இரண்டு தேங்காயை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். "வளைவுல உருண்டு வந்துச்சு, மஞ்ச தடவியிருந்துச்சா, நம்ம வூட்டு விசேஷத்துக்குத்தான்னு எடுத்தாந்தேன்" என்றார். வெற்றிலையை ஆடு தின்றுவிட்டதாம், அதற்கு அவர் பொறுப்பில்லையாம். எங்களை முந்திய மரவள்ளி மூட்டைக்காரர் சாமானை இறக்கிவிட்டு இன்னொரு நடை போய்த் திரும்பியிருந்தார். அவர் கையில் வாழைப்பழச் சீப்பு. "ரெண்டு பழம் தின்னுட்டேங்க, சீருன்னு தெரியாது" என்று காதைப் பிடித்துக்கொண்டார். மல்லிகைப்பூப் பந்து சிக்கென்று ஒரு துண்டில் சுற்றி வந்து சேர்ந்தது. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து எங்கள் தட்டுகளில் எங்கள் சீரையே வைத்தார்கள். ஒவ்வொன்று வரும்போதும் மேளக்காரர்கள் விடாமல் ஒரு உருட்டு உருட்டினார்கள். வந்தவர்களுக்கும் பெருமை, எங்களுக்கும் சிரிப்பு. வெறுங்கை என்று சொன்ன அத்தைக்காரியே கடைசியில் தட்டுகளை அடுக்கிக் கொடுத்தார்.

எல்லாம் வந்தது, மாப்பிள்ளையைத் தவிர. ராகுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. போனில் சிக்னல் இல்லை.

"ரெண்டு பேரு ஊத்து வளைவுல நிக்கிறாங்க. செயின் அறுந்துபோச்சு. பட்டுச்சட்டை போட்டவரு கையெல்லாம் கிரீஸு" என்றார் மரவள்ளிக்காரர்.

நான் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பத் திரும்பினேன். அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து ஒரு பைக் கிளம்பும் சத்தம். கொல்லைப்பக்கமாக வந்து வாசலில் நின்ற பழைய வண்டியில் உட்கார்ந்திருந்தது மணப்பெண். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள், தலையில் பாதிதான் பின்னியிருந்தது, நெற்றிச்சுட்டி ஒரு பக்கம் தொங்கியது.

"அடியேய், பொண்ணு எங்கடி போறா!" என்று அவள் அத்தைக்காரி அலறினார்.

"அவருக்கு ஊசியப் பாத்தாலே மயக்கம் வரும். இந்த நேரத்துல பதட்டத்துல என்ன ஆவாரோ" என்றாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். "போயிட்டு வரட்டாப்பா?"

அவர் தலையசைத்ததுதான் தெரியும். கிராவலை வாரி இறைத்துக்கொண்டு வண்டி புல்மேட்டில் பறந்தது. அவள் உட்காரவில்லை, எழுந்து நின்று ஓட்டினாள். முழங்கை விரிந்து, கழுத்து நிமிர்ந்து, அச்சு அசல் நான் கண்ணாடி முன்னால் நின்று பழகிப் பழகி வரவழைத்த அதே நிலை. அத்தை என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"ஏம்மா, இவளும் உன் ஜாதியா?"

"என்னைவிடப் பெரிய ஜாதி அத்தை" என்றேன். வயிற்றெரிச்சலும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன.

திரும்பி வந்தபோது வண்டியில் மூன்று பேர் இருந்தார்கள். முன்னால் பெண், நடுவில் கிரீஸ் கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு மாப்பிள்ளை, கடைசியில் புடவைப் பையும் ஒரு பெரிய கருங்கல்லுமாக என் கணவர். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக்கூடாது என்பதால் நான்காவது ஆளாகக் கல்லைச் சேர்த்துக்கொண்டாராம். அந்த நிலையிலும் அவருக்கு அது தோன்றியிருக்கிறது.

"என்னங்க, பெட்டி தொறந்து சாமான் உழுந்ததப் பாக்கலையா?" என்று கேட்டேன்.

"பாத்தேனே. மொதல்ல பூ உழுந்துச்சு, அப்புறம் பழம், அப்புறம் தேங்கா..."

"கூப்பிடலாம்ல? ஹாரனாவது அடிக்கலாம்ல?"

அவர் என்னை ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நல்ல காரியத்துக்கு முன்னால போறவங்களப் பின்னாலேர்ந்து கூப்பிடலாமா? காரியம் கெட்டுப் போயிடாது?" ஒவ்வொரு சாமான் விழும்போதும் தம்பியை நிறுத்தச் சொல்லி, இறங்கித் தேடி, உருண்டு போனது எதுவும் கிடைக்காமல், சரிவில் திரும்பத் திரும்ப வண்டியைக் கிளப்பியதில்தான் செயின் அறுந்திருக்கிறது. காரியம் கெடாமல் இருக்க அவர் பட்ட பாட்டில் காரியம் நூலிழையில் தொங்கியது.

முதலில் பெண்ணின் அப்பாதான் சிரித்தார். அப்புறம் ஊரே சிரித்தது. மேளக்காரர் ஒருவர் மேளத்தின் மேலேயே சாய்ந்துவிட்டார். என் கணவரும் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் கல்லைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

சபையில் உட்கார்ந்ததும் பெண்ணின் அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டு அத்தையிடம் நேராகக் கேட்டார். "எல்லாம் சரிங்க. இன்னிக்கு வந்துட்டீங்க. நாளைக்கு எம்பொண்ணு ஆத்தா வூட்ட பாக்கணும்னா கூட்டிக்கிட்டு வருவீங்களா?" மூத்தவளை நினைத்துக்கொண்டார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. பெண்ணின் அம்மா தூணோடு ஒண்டிக்கொண்டார்.

"மாட்டேன்" என்றார் அத்தை.

கொழுந்தன் பட்டனில் கை வைத்தான்.

"நான் எதுக்குங்க கூட்டியாரணும்? அவ ஓட்டுறத கண்ணால பாத்தேனே. அவ வர்றப்பெல்லாம் பின்னால என்னையும் ஏத்திக்கிட்டு வரணும். அதுக்குச் சம்மதம்னா தட்ட மாத்துங்க."

பன்னிரண்டு அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது தட்டு மாற்றினார்கள். வீட்டுக்கு மூத்த மருமகள் என்று மல்லிகையை நான்தான் வைத்தேன். பாதிப் பின்னலில் பூ நிற்கவில்லை, இரண்டு முறை வழுக்கி விழுந்தது. "சகுனம்..." என்று என் கணவர் வாயெடுத்தார். அத்தை திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அதோடு சரி.

சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் சாப்பிட்டு எழவே நேரமாகிவிட்டது. அதற்குள் ஜீப்பும் வந்துவிட்டது, ஆண் குழந்தை என்ற செய்தியோடு. "அம்மா, நீங்க ஜீப்புல எறங்கிருங்க" என்று எல்லோரும் அத்தையிடம் சொன்னார்கள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, யார் துணையும் இல்லாமல், இந்தப் பக்கம் ஒரு கால் அந்தப் பக்கம் ஒரு கால் என்று ஏறி உட்கார்ந்துவிட்டார். ஜீப்பில் என் கணவர்தான் இறங்கினார்.

வண்டியைக் கிளப்பும்போது பெண்ணின் அப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். பெட்டியின் மூடியைத் தானே ஒரு முறை இழுத்துப் பார்த்தார்.

"ஏம்மா, தப்பா நெனச்சுக்காத. எம்மூத்தவ மாமியார... அந்தம்மாவ ஒரே ஒரு தடவ இந்த வண்டியில ஏத்தி மேல கொண்டாந்து காட்ட முடியுமா? ஒருவாட்டி வந்துட்டா அப்புறம் புள்ளைங்கள அனுப்பிரும்னு தோணுது. ஆனா ரொம்பப் பயந்த பொம்பளம்மா அது."

நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து அத்தை ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"அட்ரஸ் குடுங்க சம்பந்தி, நானே போயி பேசிக் கூட்டியாறேன். பயமெல்லாம் மொத வளைவு வரைக்கும்தான்."